குத்துப்பட்ட ஆளே சொல்ல வேணும்

வாள் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிலருக்கு ராஜா ராணிப் படங்கள் வரலாம். பள்ளிக்கூடத்தில் நாட்டுக்கூத்து ஆடின ஆக்களுக்கு வெள்ளித்தாள் ஒட்டின மட்டை வாள் வரலாம். யாழ்ப்பாணத்தில் 2010களில் ரியூசனுக்குப் போய் வளர்ந்த எனக்கு வருவது ஒரே ஒரு சொல்தான். வாள்வெட்டு.

அது பத்திரிகையில் கிட்டத்தட்ட ஒவ்வொரு கிழமையும் வந்த சொல். முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருவினம், வீட்டுக் கதவை, யன்னலை, நிக்கிற வாகனத்தை வெட்டுவினம், ஆள் அகப்பட்டால் ஆளையும் வெட்டுவினம். எங்கட ஒழுங்கையில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணாவுக்கு முழங்கைக்குக் கீழே வெட்டு விழுந்தது. அவரைத்தான் தேடி வந்தார்களா, இல்லை ஆள் மாறி வெட்டினார்களா என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு பின்னேரம் ஆறரைக்கு மேல் ரியூசன் என்றால் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போவார். தூரத்தில் இரண்டு மூன்று மோட்டார் சைக்கிள் சத்தம் சேர்ந்து கேட்டால் அம்மா முன் லைற்றை நூர்ப்பா. இது எங்கட வீட்டில் மட்டும் நடந்த கதை இல்லை என்று இதை வாசிக்கிற பலருக்குத் தெரியும்.

அப்படி வளர்ந்த நான் இப்போது எட்டு மாதமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கையில் வாள் பிடிக்கிறேன். லண்டனின் தெற்குப் பக்கம், ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில், ஒரு சின்ன வாள்வீச்சுக் கழகத்தில். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று சொல்லி வைக்கிறேன். எனக்கு விளையாட்டில் பெரிய பின்னணி ஏதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் ஆண்டு வரைக்கும் நெற்போல் விளையாடினேன். இல்ல விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டத்தில் மூன்றாவது ஆளாக ஓடினேன். ஓ.எல். வந்தது, "இனிப் படிக்கிற அலுவலைப் பார்" என்றார்கள், சப்பாத்து அலுமாரிக்குள் போனது. அவ்வளவுதான். படிப்புக்காக இங்கே வந்த பிறகு என் நாட்கள் மூன்று இடங்களுக்குள் சுருங்கின: வகுப்பு, பகுதிநேரமாக வேலை செய்கிற கடை, வாடகை அறை. நவம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். கதைக்கிறதுக்கு ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் கதை முழுக்க விசா, வாடகை, ஊரில் ஆர் எப்ப வருகினம் என்பதைச் சுற்றியே ஓடும்.

நூலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தொடக்க வகுப்பு, ஆறு கிழமை, வயது எல்லை இல்லை, உடுப்பும் வாளும் தரப்படும், முன் அனுபவம் தேவையில்லை. கடைசி வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். வேலைக்கு விண்ணப்பிக்கும் இடமெல்லாம் முன் அனுபவம் கேட்ட காலம் அது. அது தேவையில்லை என்று சொன்ன ஒரே இடம் அதுதான்.

முதல் நாள் ஒரு மணித்தியாலம் வாளைக் கண்ணால் மட்டும்தான் கண்டேன். பயிற்சியாளர் அறுபது வயதைத் தாண்டின ஒரு பெண். கட்டையான, சுறுசுறுப்பான ஆள். எங்களை ஒரு கோட்டில் நிற்பாட்டினார். பன்னிரண்டு வயதுப் பெடியன் ஒருவன், அவனோடு துணைக்கு வந்து தானும் சேர்ந்துவிட்ட அவன் தகப்பன், இரவு வேலைக்குப் போக முன் வருகிற ஒரு தாதி, இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள், நான். முன்கால் நேரே பார்க்க வேண்டும், பின்கால் பக்கவாட்டில் திரும்ப வேண்டும், இரண்டு குதிக்காலும் ஒரே கோட்டில் வர வேண்டும், முழங்கால் இரண்டும் வளைய வேண்டும். முன்னால் போகும்போது முன்கால் முதலில் போகும், பின்னால் வரும்போது பின்கால் முதலில் வரும். எந்த நேரமும் கால் ஒன்றையொன்று குறுக்கே தாண்டக் கூடாது. இதை மட்டும் நாற்பது நிமிடம் செய்தோம். அடுத்த நாள் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து இறங்கேக்க தொடை இரண்டும் நடுங்கினது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கிழவி மாதிரி இறங்கினேன்.

இரண்டாம் கிழமை உடுப்பு வந்தது. கழகத்தின் பொது உடுப்பு என்றால் என்ன என்று விளையாட்டுக் கழகங்களில் இருந்த ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருபது பேரின் வியர்வை அதில் இருக்கும். உள்ளே வாள் பிடிக்கிற பக்கத்துக்கு மட்டும் ஒரு அரை உள்ளங்கி. பெண்களுக்கு நெஞ்சுக்குக் கட்டாயம் கெட்டிப் பிளாஸ்ரிக் கவசம். அதற்கு மேலே தடித்த வெள்ளை மேலங்கி. வாள் பிடிக்கிற கைக்கு மட்டும் ஒரு கையுறை, அதன் விளிம்பு சட்டைக் கையை மூட வேண்டும், இல்லாவிட்டால் நுனி உள்ளே போய்விடும். கடைசியாகக் கம்பிவலை முகக்கவசம். அந்த வலையை 12 கிலோ அழுத்தம் கொடுக்கிற கூர்க் கருவியால் குத்திச் சோதிப்பார்கள். இந்தக் கண்டிப்பு சும்மா வரவில்லை. 1982இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் ஒரு வாள் முறிந்து, முறிந்த நுனி முகக்கவச வலையை ஊடறுத்துப் போய், சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ் இறந்துபோனார். அவர் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அதற்குப் பிறகுதான் வாளின் உருக்கு, முகக்கவச வலை, மேலங்கித் துணி மூன்றுக்கும் விதிகள் இறுக்கமாகின. ஒரு சாவுக்குப் பிறகு ஒரு விளையாட்டு உட்கார்ந்து யோசித்து, இனி இப்படி நடக்காமல் என்ன செய்யலாம் என்று கேட்டது. எங்கட ஒழுங்கைச் சம்பவத்துக்குப் பிறகு அப்படி ஒருவரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

வாள் மூன்று வகை. ஃபொயில், எப்பே, சேபர். ஃபொயிலில் உடற்பகுதியை மட்டும் நுனியால் குத்தலாம். எப்பேயில் உச்சந்தலையில் இருந்து பாதம் வரை எங்கேயும் குத்தலாம். சேபரில் இடுப்புக்கு மேலே குத்தவும் வெட்டவும் செய்யலாம். ஃபொயிலும் சேபரும் 500 கிராமுக்குக் குறைவு, எப்பே 770 கிராமுக்குக் குறைவு. எங்களுக்குத் தந்தது ஃபொயில். கையில் வாங்கினதும் முதலில் தோன்றியது, இவ்வளவு பாரமில்லாததா என்பதுதான். ஒரு தேங்காயை விடக் குறைந்த பாரம். விளிம்பு மழுங்கினது, நுனியில் ஒரு பொத்தான், அலகு வில் மாதிரி வளையும். கரும்பலகையில் எழுதச் சோக்கைப் பிடிக்கிற மாதிரிப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடிக்க வேண்டும். மற்ற மூன்று விரலும் சும்மா துணைக்குத்தான். இறுக்கிப் பிடித்தால் தோள் இறுகும், தோள் இறுகினால் நுனி ஆடும்.

பிறகு பயிற்சியாளர் எனக்கு முன்னால் வந்து நின்று, தன் நெஞ்சைக் காட்டி, "கையை நீட்டு, குத்து" என்றார்.

கை நீட்டுகிறது என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று, ஒருவரிடம் போய் இரக்கிறது. மற்றது, ஒருவருக்கு அடிக்கிறது. இரண்டையும் செய்யக்கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். பொம்பிளைப்பிள்ளை கை நீட்டக்கூடாது. யாராவது எங்களுக்குக் கை நீட்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. வாள்வீச்சில் முதல் பாடமே கையை நீட்டுவதுதான். கை முதலில், கால் பிறகு. கை முழுதாக நீளாமல் கால் பாய்ந்தால் அது தாக்குதலே இல்லை.

என் கை முக்கால்வாசி நீளும், பிறகு நிற்கும். முழங்கையில் யாரோ கயிறு கட்டி வைத்திருந்த மாதிரி. நுனி அவருடைய மேலங்கியில் மெல்லத் தொட்ட ஒவ்வொரு முறையும் என் வாய் தன்பாட்டில் "ஸொறி" என்றது. பயிற்சியாளர் முகக்கவசத்தைக் கழற்றினார். "இந்த மண்டபத்துக்குள் குத்தினதுக்கு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லை. நான் உடுப்புப் போட்டு, கவசம் போட்டு, உனக்கு முன்னால் வந்து நிற்கிறேன். குத்து வாங்கத்தான் வந்திருக்கிறேன். நீ குத்தாவிட்டால் என்னுடைய பின்னேரம்தான் வீண்" என்றார். பிறகு ஒவ்வொரு ஸொறிக்கும் ஐந்து தரம் குந்தி எழும்ப வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார். அன்றைக்கு நான் எத்தனை தரம் குந்தி எழும்பினேன் என்று கணக்கு வைக்கவில்லை.

அவர் சொன்னது பகிடிக்குத்தான். ஆனால் எனக்கு அது பல நாள் தலைக்குள் நின்றது. எங்கட ஊரில் நான் கண்ட எல்லா அடியும் கேட்காமல் வந்த அடிதான். பள்ளிக்கூடத்தில் பிரம்பு, வீட்டில் அகப்பைக்காம்பு, ரோட்டில் வாள். இது வேறு. இரண்டு பேரும் சம்மதித்து, இரண்டு பேரும் ஒரே மாதிரி உடுத்து, எங்கே குத்தலாம் எங்கே குத்தக்கூடாது என்று ஒத்துக்கொண்டு, 14 மீற்றர் நீளமான ஒரு கோட்டுக்குள் நிற்கிறோம். ஒருவர் "நிறுத்து" என்றால் மற்றவர் அந்தக் கணமே நிறுத்துவார். நிறுத்து என்றால் நிற்கும் என்று நம்பக்கூடிய ஒரு இடத்தில்தான் கை நீளப் பழகும் போல. ஐந்தாம் கிழமை என் கை முழுதாக நீண்டது. பெரிய சம்பவம் ஒன்றுமில்லை. மேலங்கியில் "தொப்" என்று ஒரு சத்தம், அலகு மேல்நோக்கி வில்லாக வளைந்தது, வாயில் ஸொறி வரவில்லை. பயிற்சியாளர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

இதற்கிடையில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. செவ்வாய் பின்னேரம் ஏன் வட்ஸ்அப்பில் அகப்படுகிறாய் இல்லை என்று இரண்டு கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்தா.

"வாள்வீச்சுப் பழகப் போறனான் அம்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உனக்கென்ன விசரே பிள்ளை? இஞ்ச வாளுக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தனாங்கள். நீ அங்க போய்க் காசு குடுத்து வாள் பழகிறியோ?"

"அது வெட்டுற வாள் இல்லை அம்மா. விளையாட்டு. ஒலிம்பிக்கிலயும் இருக்கு."

"ஒலிம்பிக்கில என்ன சனியன் இருந்தா எனக்கென்ன. முகத்தில கிகத்தில பட்டா?"

நான் முகக்கவசத்தைப் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பினேன். அது இன்னும் நிலைமையைக் கெடுத்தது. "ஐயோ, முகத்தையும் மூடிக்கொண்டோ!" என்று ஒரு குரல்பதிவு வந்தது. அம்மாவின் பயம் அறியாமையால் வந்ததில்லை. முகத்தை மூடி வாள் பிடித்த ஆக்களை அவ தன் யன்னல் நீக்கலுக்குள்ளால் பார்த்தவ. அந்தப் படத்துக்கு மேலே நான் என்ன விளக்கம் சொன்னாலும் அது நிற்காது என்று விளங்கியது. அதனால் அன்றைக்கு விவாதிக்கவில்லை. பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வகுப்பு முடிய என்ன நடந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன்.

முதலில் சொன்னது வணக்கம் வைப்பதைப் பற்றி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இருவரும் முகக்கவசத்தைக் கழற்றி, முகத்துக்கு முகம் பார்த்து, வாளை நாடிக்கு நேரே உயர்த்தி வணக்கம் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கவசம் போடலாம். முடிந்ததும் திரும்பக் கழற்றி, வணக்கம் வைத்து, வாள் பிடிக்காத கையால் கைகுலுக்க வேண்டும். முகம் தெரியாத ஒருவரோடு ஆட்டம் தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது. "அப்ப ஆர் எண்டு தெரியும் என்ன?" என்று அம்மா கேட்டா. தெரியும் என்றேன். "ம்" என்றா.

இந்தக் கைகுலுக்கல் எல்லா நேரமும் லேசான விசயமும் இல்லை. 2023 யூலையில் மிலான் உலகப் போட்டியில் உக்ரேன் வீராங்கனை ஓல்கா ஹார்லன், ரஷ்ய வீராங்கனை ஒருவரை 15-7 என்று வென்ற பிறகு கைகுலுக்க மறுத்தார். பதிலுக்கு வாளை நீட்டி, வாளோடு வாளைத் தட்டலாம் என்று காட்டினார். அவருக்குக் கறுப்பு அட்டை காட்டி போட்டியில் இருந்து நீக்கினார்கள். உலகம் முழுக்கச் சத்தம் கிளம்பினதும் சில நாட்களில் தடை விலக்கப்பட்டது, பரிஸ் ஒலிம்பிக்கில் அவருக்கு இடமும் தரப்பட்டது. 2024இல் அங்கே தனிநபர் சேபரில் வெண்கலமும் குழுவில் தங்கமும் வென்றார். தன் ஊர் குண்டில் எரிந்துகொண்டிருக்கும்போது கைகுலுக்கு என்று விதிப்புத்தகத்தைக் காட்டுவது சரியா? போரைக் கண்ட ஊரில் இருந்து வந்த எனக்கு அவருடைய கோபம் விளங்குகிறது. அதே நேரம் அவர் அந்த இடத்தை விட்டு ஓடாமல் வாளையாவது நீட்டினார் என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மரியாதை வேறு, சமாதானம் வேறு. முதலாவதைத் தரலாம், இரண்டாவதை ஒருவரும் கட்டாயப்படுத்த முடியாது.

அம்மாவுக்கு இரண்டாவதாகச் சொன்னது முதலுரிமை பற்றி. ஃபொயிலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குத்தினால் யாருக்குப் புள்ளி? முதலில் கையை நீட்டி, நுனியை எதிராளியின் உடம்புக்கு நேரே கொண்டு வந்தவருக்கு. மற்றவர் முதலில் அந்த வாளைத் தட்டி விலக்க வேண்டும். விலக்கினால் உரிமை அவருடைய பக்கம் வரும், அப்போது அவர் குத்தலாம். பள்ளிக்கூட விவாதப் போட்டி மாதிரித்தான். எதிரணி ஒரு வாதம் வைத்தால், அதற்குப் பதில் சொல்லாமல் நீங்கள் உங்கட வாதத்தை மட்டும் கத்திக்கொண்டிருக்க முடியாது. உனக்கு ஒரு குத்து வருகிறதென்றால் முதலில் அதைக் கவனி. எப்பேயில் இந்தச் சட்டம் இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து குத்தினால் இரண்டு பேருக்கும் புள்ளி. பேஸ்புக் சண்டை எல்லாம் எப்பே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவதாகச் சொன்னதுதான் அம்மாவைப் பிடித்தது. பெரிய போட்டிகளில் வாளில் மின்கம்பி இருக்கும், பட்டால் விளக்கு எரியும். ஒலிம்பிக்கில் எப்பேக்கு 1936இல், ஃபொயிலுக்கு 1956இல், சேபருக்கு 1992இல்தான் அது வந்தது. எங்கள் மாதிரித் தொடக்க ஆக்களுக்கு அது இல்லை. அப்படியென்றால் பட்டதா இல்லையா என்று யார் சொல்கிறது? குத்தின ஆள் சொல்லக் கூடாது. குத்துப்பட்ட ஆள்தான் சொல்ல வேண்டும். தன் உடம்பில் பட்டதை உணர்ந்த அந்தக் கணமே நின்று, கையை உயர்த்தி, "பட்டது" என்று சொல்ல வேண்டும்.

"அப்ப பொய் சொல்லலாமே?" என்று அம்மா கேட்டா.

"சொல்லலாம்தான். ஆனா ரெண்டு தரம் சொன்னா அதுக்குப் பிறகு அவரோட ஒருத்தரும் விளையாட மாட்டினம்."

"பட்ட ஆள் சொல்லுறதை மற்ற ஆள் அப்பிடியே ஏற்றுக்கொள்ளுவாரோ?"

"ஓம்."

"எங்கட நாட்டில பட்ட ஆள் சொன்னா ஆர் நம்பினது" என்றா அம்மா. பிறகு அடுப்பில் கறி இருக்கு என்று போனை வைத்துவிட்டா. அம்மா அரசியல் கதைக்கிற ஆள் இல்லை. அதனால்தான் அந்த வரி எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

எங்கட கழகத்தில் எழுபது வயதைத் தாண்டின ஒரு ஐயா இருக்கிறார். தபால்காரராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். முழங்கால் ஒன்றில் பட்டி கட்டியிருப்பார். பாய்ந்து குத்த மாட்டார். நிற்பார், பார்ப்பார், அரை அடி பின்னால் போவார். நான் பாய்ந்து வந்து, எட்டாமல், கை நீண்டபடி நிற்கும்போது சும்மா ஒரு தட்டுத் தட்டிவிட்டு நெஞ்சில் ஒன்று வைப்பார். முதல் மாதம் முழுக்க ஐந்துக்குப் பூச்சியம். நான் ஐந்தடி உயரம், அவர் ஆறடி. கை நீளத்தில் அவரை வெல்லவே முடியாது. ஒரு நாள் தண்ணி குடிக்கும்போது சொன்னார்: "நீ என்னுடைய வாளைப் பார்க்கிறாய். வாளைப் பார்த்தால் பயம்தான் வரும். எனக்கும் உனக்கும் இடையில் இருக்கிற தூரத்தைப் பார். அதில் பாதி உன்னுடையது."

எனக்குக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் எடுத்தது இது உடம்புக்கு விளங்க. ஆள் கிட்ட வந்தால் நான் பின்னால் போகலாம், போகாமலும் விடலாம், அவர் எதிர்பார்க்காத நேரத்தில் முன்னாலும் வரலாம். இடைவெளி என்பது மற்ற ஆள் தீர்மானிக்கிற விசயம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பஸ்ஸில், ரியூசன் வாசலில், கடை வரிசையில், ஆம்பிளைகள் கிட்ட வருவார்கள், நாங்கள் ஒதுங்குவோம். ஒதுங்க இடமில்லாவிட்டால் சுருங்குவோம். வாள்வீச்சு எனக்கு வீரம் ஒன்றும் தந்துவிடவில்லை. இருட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இன்றைக்கும் தோள் இறுகும். ஆனால் ஒருவர் தேவையில்லாமல் கிட்ட வரும்போது, பின்கால் எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

பங்குனியில் ஒரு செவ்வாய் அந்த ஐயாவுக்கு முதல் குத்து வைத்தேன். அவர் வழமைபோல அரை அடி பின்னால் போனார், நான் பாயாமல் ஒரு அடி மட்டும் வைத்து நின்றேன், அவர் தட்ட வந்த வாள் காற்றில் போனது, கை நீண்டது. எனக்குப் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. அவர்தான் நின்று, கையைத் தூக்கி, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி "பட்டது!" என்றார். அந்த ஆட்டத்தில் அவர் 5-1 என்று வென்றார். எனக்கு அந்த ஒன்று போதும்.

எங்களுக்கும் இந்த விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம், இது வெள்ளைக்காரப் பணக்காரரின் விளையாட்டில்லையா என்று ஒரு சிநேகிதி கேட்டாள். நியாயமான கேள்வி. பிறப்பு அப்படித்தான். அதன் கட்டளைகளே இன்றும் பிரெஞ்சு மொழியில்தான் இருக்கின்றன. ஒலிம்பிக்கில் 1896இல் இருந்து இது இருக்கிறது. பெண்களுக்கு ஃபொயிலை 1924இலும், எப்பேயை 1996இலும், சேபரை 2004இலும்தான் திறந்துவிட்டார்கள். ஒரு கதவுக்கும் கடைசிக் கதவுக்கும் இடையில் எண்பது வருசம். ஆனால் அந்தக் கடைசிக் கதவால் போனவர்களில் ஒருவர் சென்னைப் பெண். சி.ஏ. பவானி தேவி. பள்ளிக்கூடத்தில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் மிஞ்சியிருந்த வாள்வீச்சை எடுத்தவர். மின்வாள் விலை என்பதால் தொடக்கத்தில் மூங்கில் தடியோடு பழகினவர். 2021இல் ரோக்கியோவில், ஒலிம்பிக்கில் வாள் பிடித்த முதல் இந்தியர் ஆனார். முதல் ஆட்டத்தில் 15-3 என்று வென்றார், அடுத்ததில் 7-15 என்று தோற்றார். மிஞ்சியிருந்ததை எடுத்து அவ்வளவு தூரம் போனார் என்பது எனக்குப் பிடித்த கதை.

எங்களிடமும் இல்லாமல் இல்லை. மலையகத் தோட்டங்களில் சிலம்பம் இருக்கிறது. கிழக்கில் முஸ்லிம் ஊர்களில் பொல்லடியும் சீனடியும் இருக்கின்றன. எனக்கு அவற்றைக் காட்டித் தர ஒருவரும் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் பெண்பிள்ளையை அனுப்பியிருப்பார்களா என்பது வேறு கேள்வி.

நான் இதை எழுதுவது எல்லாரும் வாள்வீச்சுப் பழகுங்கோ என்று சொல்ல இல்லை. யாழ்ப்பாணத்தில் அதற்கு உடுப்பும் வாளும் கவசமும் வாங்கிச் சேர்க்கிறது லேசில்லை. இங்கேயே சொந்தமாக ஒரு தொகுதி வாங்க நூறு பவுணுக்கு மேல் வேண்டும், நான் இன்னும் கழகத்தின் மணக்கிற உடுப்பைத்தான் போடுகிறேன். நான் சொல்ல வருவது அந்த மண்டபத்தைப் பற்றி. கிழமைக்கு ஒரு பின்னேரம், இரண்டு மணித்தியாலம், பன்னிரண்டு வயதுப் பெடியனும் தாதியும் தபால்கார ஐயாவும் ஒரே கோட்டில் நிற்கிற இடம். அங்கே ஒருவரும் மாவட்டத்துக்கு விளையாடத் தேவையில்லை, சான்றிதழ் வாங்கத் தேவையில்லை, கெட்டிக்காரராக இருக்கத் தேவையில்லை. தெரியாமல் வந்து பழகலாம், அவ்வளவுதான்.

எங்கட ஊரில் அப்படி ஒரு இடம் உங்களுக்குத் தெரியுமா? ஒவ்வொரு ஊரிலும் சனசமூக நிலையம் இருக்கிறது. பேப்பர் போடுவினம், பின்னேரம் பெடியள் கரம் விளையாடுவினம். விளையாட்டுக் கழகம் இருக்கிறது, உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் கரப்பந்தாட்டமும் நடக்கும், பெண்கள் கரையில் நின்று பார்க்கலாம். பள்ளிக்கூடம் முடிந்த ஒரு பெண், இருபத்தைந்து வயதில், "எனக்கு ஒன்றும் தெரியாது, பழகப் போறன்" என்று உள்ளே போகக்கூடிய கதவு எது? ஆண்களுக்கும் அப்படித்தான் கிட்டத்தட்ட. பதினெட்டு வயதுக்குள் விளையாட்டுக்காரன் ஆகாதவனுக்கு அதற்குப் பிறகு பார்வையாளர் கதிரைதான்.

மண்டபம் இருக்கிறது. லைற் இருக்கிறது. சிலம்பமோ, கராட்டியோ, பூப்பந்தோ, எல்லேயோ தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். கிழமையில் ஒரு பின்னேரத்தைத் தொடக்க ஆக்களுக்கு என்று ஒதுக்கி, ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டினால் போதும். வயது எல்லை இல்லை, பெண்களும் வரலாம், முன் அனுபவம் தேவையில்லை. உங்கட ஊர் நிலையத்தின் நிர்வாகக் கூட்டம் எப்ப என்று விசாரித்துப் பாருங்கோ. கேட்கப் போகிற முதல் ஆள் நீங்களாக இருந்தால், கையை முழுசா நீட்டிக் கேளுங்கோ.